நஞ்சுக்கொடி விழும் வரை

வார்டில் போன் அடித்தபோது, யாரோ ரத்தம் கேட்டுத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எரிச்சலோடு எடுத்தேன். "துளசி போயிட்டாளுங்க" என்றார் அவள் கணவர். மஞ்சள் காமாலை என்று ஈரோட்டில் சேர்த்திருந்தது தெரியும். போய்ப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. எதிலும் அவசரக்காரி, பாவி.

கோயமுத்தூரில் எங்களோடு மருத்துவச்சிப் பயிற்சி படித்தவர்களுக்கு அவிநாசி துளசிமணியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. டியூட்டரோடு அவள் போட்ட சண்டை அத்தனை பேருக்கும் நினைவிருக்கும். குழந்தை பிறந்ததும் ஆணா பெண்ணா என்று தாயிடம் காட்டிச் சொல்ல வேண்டும் என்பது பாடம். பையன் என்றால் துளசி உடனே சொல்வாள். பெண் என்றால், நஞ்சுக்கொடி விழும் வரை வாயே திறக்க மாட்டாள். மனசு உடைந்தால் நஞ்சு விழாது, ரத்தம் நிற்காது என்று பிரசவ அறையில் ஒரு பேச்சு உண்டு. அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். "மொதல்ல ஆத்தா பொழைக்கட்டுங்க, மத்ததெல்லாம் அப்பறம்" என்று டியூட்டரிடமே சொல்லித் திட்டு வாங்குவாள். நானும் அவள் கட்சிதான்.

பயிற்சி முடியப்போகும் சமயம், காங்கேயம் பக்கமிருந்து ஒரு பெண் பிரசவத்துக்கு வந்தாள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பெண்கள். மூன்றாவதும் பெண்ணாகவே பிறந்தது.

"ஏனுங் சிஸ்டர், என்ன கொழந்தைங்க?"

"நல்லாருக்குது கண்ணு. அழுகற சத்தம் கேக்குதில்ல?"

மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே பதில். துளசி குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, மார்பில் கிடத்திப் பால் குடிக்க வைத்தாள். நஞ்சுக்கொடி முழுசாக விழுந்தது. கருப்பை கல் மாதிரி இறுகியதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் சொன்னாள். அந்தப் பெண் அழவில்லை. "நீங்க சொல்லாதப்பவே தெரிஞ்சுபோச்சுங்க" என்றாள்.

அந்த வார்த்தை துளசியைத் தூங்கவிடவில்லை. தாயும் குழந்தையும் ஊருக்குப் போன சில நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அந்தப் பெண்ணின் மாமியார் வாசலுக்கே வந்து கும்பிட்டார். "வாங்கம்மணி, உக்காருங்க. காப்பி குடிச்சுப்போட்டுப் போலாமுங்க."

"கொழந்தை எங்கீங்க?"

"காச்சல் வந்துதுங்க. போயிருச்சு."

எந்த டாக்டரிடம் காட்டினீர்கள் என்று துளசி கேட்டதும், மாமியார் காப்பி போட உள்ளே போய்விட்டார். குழந்தையைப் பெற்றவள் உள்ளறையை விட்டு வெளியே வரவே இல்லை. காய்ச்சல் என்பதை நாங்கள் நம்பவில்லை. திரும்பி வந்து டியூட்டரிடம் சொன்னோம். அவர் மேலிடத்துக்கு எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் துளசி சொன்னாள்: "பையனா இருந்தா மறைச்சிருப்பனா? பொறந்தவ ஆகாதவன்னு மொதல்ல சொன்னவளே நாந்தான்."

"பைத்தியமா உனக்கு? பொறந்ததுமே சொல்லி ரத்தம் நிக்காம போயிருந்தா?"

"நம்ம கை எதுக்கு இருக்குது? ஆத்தா வயித்தப் புடிச்சு, கருப்பை இறுகுதான்னு பாத்துக்கிட்டே சொல்லோணும்."

அன்றிலிருந்து பெண் பிறந்தால் வராந்தாவுக்கே கேட்கிற மாதிரி "பொண்ணுங்க! நல்லாருக்குதுங்க!" என்பாள். தாயின் வயிற்றில் வைத்த கையை மட்டும் எடுக்க மாட்டாள். எனக்கு அது ஒப்பவே இல்லை. ஆளுக்கொரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போன பிறகும், பார்க்கும்போதெல்லாம் இதற்காகவே சண்டை போட்டோம். நான் பழையபடி மறைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

துளசியின் காரியம் முடிந்து நான் டியூட்டிக்குத் திரும்பிய அன்று, ஒருத்திக்கு இரண்டாவதும் பெண் பிறந்தது. "என்னங்க சிஸ்டர்?" என்றாள். பழக்கத்தில் என் வாய் தானாக மூடிக்கொண்டது. அவள் கண் என் முகத்தையே பார்த்தது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "பொண்ணுங்க, நல்லாருக்குதுங்க" என்றேன். அவள் முகம் வாடிப்போனது. நஞ்சு விழுந்து ரத்தம் நிற்கும் வரை நான் கையை எடுக்கவே இல்லை.

துளசி, நம் சண்டையில் யார் சொன்னது சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பிறந்த பெண்ணை வீட்டில் என்ன செய்வார்களோ என்ற உன் பயம் மட்டும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டாவது பெண்ணைப் பெற்றவள் ஊர் திரும்பியதும், அவள் வீட்டுக்கு நானே பஸ் ஏறிப் போவேன். குழந்தையைக் கையில் வாங்கிப் பார்க்காமல் திரும்ப மாட்டேன்.