வெறுங்கைத் தீனி

முட்டையிடும் பருவத்தில் என் வளர்ப்புப் பல்லி ஜோடியில் பெண்ணின் பின்கால்கள் துவண்டபோதுதான், விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்கத் தோன்றியது. சாரம் பகுதியில் பல்லிகள் வளர்க்கும் பெயிண்டர் ஒருவரைத் தேடிப் போனேன். நகமெல்லாம் காய்ந்த பெயிண்ட். கூடத்தில் முட்டை அட்டைகளுக்குள் கரப்பான்கள் மொய்த்தன. நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஒன்றின் கால்களைப் பிய்த்து, கால்சியம் தூளில் புரட்டி, தன் பல்லிக்கு ஊட்டிவிட்டு, அதே கையால் போண்டாவை எடுத்துக் கடித்தார்.

"ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒரே தீனியா போட்டே?"

"ஆமாண்ணே."

"முட்ட போடுறவளுக்கு இந்தத் தூளு வேணும்பா. இல்லன்னா அவ எலும்பு கரைஞ்சிதான் முட்ட வரும்."

"இடுக்கியால புடிச்சுக் குடுக்கலாமாண்ணே?"

"இரும்பக் கடிச்சா தாடை போயிடும். கையால ஊட்டு. குமட்டுனா வெளிய போய் வாந்தி எடுத்துட்டு வந்து ஊட்டு!"

தன் பல்லிக்கு அவர் ஊட்டிய பதம் எனக்கு இன்னும் புரியவில்லை. டப்பாவில் பத்துக் கரப்பான்கள் வாங்கி வந்திருக்கிறேன். இன்று சாயங்காலம், முதல்முறையாக ஒரு கரப்பானின் காலை என் கையால் பிய்க்க வேண்டும்.