சிவப்புக் கோடு

ஹோஸ்காரர் என்றால்தான் தெருவில் ஆள் தெரியும். மூன்று அண்ணன்மாருக்கும் ஒரு தங்கைக்கும் நடுவே பிறந்தவர். கார் ஏசியின் ஹோஸ் குழாய்களை அளந்து வெட்டி, இரும்பு முனை பொருத்தி அழுத்திக் கொடுப்பதுதான் முப்பது வருடப் பிழைப்பு. மனைவி இறந்து மூன்று மாதம் ஆகிறது. அவர் அழுதாரா என்று கேட்டால் கூடப்பிறந்த தங்கைக்கே தெரியாது. சாப்பிடு என்றால் சாப்பிட்டார், படு என்றால் படுத்தார்.

மனைவி ஓட்டிய கார் இஞ்சின் போய் நின்றுவிட்டது. அவள் தம்பிதான் மெக்கானிக். வேறு கம்பெனி இஞ்சின் ஒன்றைத் தேடிப்பிடித்து இறக்கிவிட்டான். பழைய இஞ்சினில் ஏசியின் கம்ப்ரசர் இடப்பக்கம் மேலே. இதில் வலப்பக்கம் அடியில். பழைய குழாய் எதுவும் எட்டவில்லை.

மகளுக்கு மருந்துக்கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேலை, நாள் முழுக்க வெயில்.

"ஏசி ஓடலைன்னா என்னால வச்சுக்க முடியாதுப்பா. நாளைக்கு வண்டியைப் பாக்க ஆள் வர்றாங்க, வித்துடலாம்."

"சரி" என்றார். வண்டி போனால் மனைவி உட்கார்ந்த இடம் என்று காட்ட வேறொன்றும் இருக்காது. அது தெரிந்தது. தெரிந்ததே தவிர, நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை.

குழாயைக் காரில் வைத்து, வளைந்த முனையைச் சரியான பக்கம் திருப்பி, குழாய், முனை இரண்டின் மேலும் சேர்த்து ஒரு கோடு போடுவார். பிறகு கழற்றிப்போய் மெஷினில் அழுத்துவார். அழுத்திய முனை பிறகு திரும்பாது. கோட்டுக்கு எப்போதும் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷ்தான். எண்ணெய்க் கை பட்டாலும் அழியாது. அன்று டூல் பெட்டியிலிருந்த குப்பி காய்ந்து கல்லாகியிருந்தது. சாக்பீஸால் போட்டார். அது உள்ளங்கையோடு போனதைக் கவனிக்காமல், குத்துமதிப்பாக வைத்து அழுத்திவிட்டார்.

மச்சினன் மாட்டிப் பார்த்துச் சிரித்தான். "என்ன அத்தான், கம்ப்ரசர் இந்தப் பக்கம் பாக்குது, உங்க முனை அந்தப் பக்கம் பாக்குது. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?"

அவர் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான். குழாயில் மிச்சம் ஒரே துண்டு. குழாய்க்கடை திறக்க இன்னும் இரண்டு நாள்.

"அம்மா வண்டிலயும் ஒரு பாலிஷ் வச்சிருப்பாங்கப்பா" என்று மகள் டேஷ்போர்டுப் பெட்டியைத் துழாவினாள். சீப்பு, பழைய ரசீதுகள், அடியில் ஒரு குப்பி. குலுக்கினாள். உள்ளே ஓடியது.

வாங்கிக் கோடு போட்டார். காயும்வரை பக்கத்திலேயே நின்றார். அழுத்தினார், மாட்டினார். காற்றை உறிஞ்சி எடுத்து அரைமணி விட்டுப் பார்த்தும் கேஜ் முள் அசையவில்லை, கசிவு இல்லை. கேஸ் ஏற்றினார்கள்.

மகள் உள்ளே உட்கார்ந்து கேட்டாள். "சில்லுனு இருக்காப்பா?"

காற்று வரும் இடத்தில் கையை வைத்தார். பிறகு அங்கே செருகியிருந்த தெர்மாமீட்டரைக் குனிந்து பார்த்தார்.

"ஆறு டிகிரி."

"அதில்லப்பா, உங்களுக்கு எப்படி இருக்கு?"

"ஆறுதான் காட்டுது."

மகள் அவரையே ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, "நாளைக்கு வர வேண்டாங்க, வண்டி குடுக்கல" என்றாள்.

அவர் குப்பியின் மூடியை இறுக்கித் திருகி, ரசீதுகளுக்கு அடியில் இருந்த இடத்திலேயே வைத்தார்.