கொல்லை வழியாக வந்த கஞ்சி

அம்மா அவர்கள் கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருந்தார். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர வேண்டும் என்று முந்தின நாளிலிருந்து காத்திருந்தோம். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வாசல் பந்தலில் முன்வரிசை நாற்காலியில் அமர்ந்திருந்த அப்பா, யாரோ மாலையோடு வருவதைப் பார்த்து எழுந்தார். எழுந்தவர் அப்படியே சரிந்தார்.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். "மனசு தாங்கலப்பா மனுசனுக்கு" என்றார் இன்னொருவர். "எத்தனை வருசம் ஒண்ணா வாழ்ந்தவங்க, தாங்குமா?" என்று பெண்கள் பக்கம் அழுகை பெரிதானது. அப்பாவின் சட்டை வியர்வையில் தொப்பலாக இருந்தது. கைகள் வெடவெடவென்று நடுங்கின. பக்கத்து வீட்டு லதா அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"மாமா சாப்பிட்டாங்களா?"

எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டார்.

"நேத்துலேருந்து யாராச்சும் மாமாவுக்கு ஒரு வாய் எதாவது குடுத்தீங்களான்னு கேக்குறேன்."

மாத்திரை கொடுத்திருந்தோம். சர்க்கரை மாத்திரையை வேளை தவறாமல், தண்ணீரோடு, பொறுப்பாகக் கொடுத்திருந்தோம். சோற்றைத்தான் மறந்துவிட்டோம்.

அண்ணி ஒரு டம்ளர் தண்ணீரில் கை நிறையச் சர்க்கரையைப் போட்டுக் கலக்கி, அப்பாவைச் சாய்த்து உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். நடுக்கம் நின்றதும் கொல்லைப்பக்கமாகத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். "அவ அங்க கெடக்கா, நான் இங்க என்னத்தத் திங்கிறது?" என்று அப்பா தட்டைத் தள்ளினார். "அத்தை பாத்தா என்னையத்தான் திட்டுவாங்க மாமா, சாப்பிடுங்க" என்றார் அண்ணி. ரசஞ்சோறு நாலு வாய் உள்ளே போனது.

பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டு அண்ணி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எங்க மாமியார் செத்தப்ப நான் முழுகாம இருந்தேன். கண்ணு இருட்டிட்டு வருது, யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல. உங்கம்மாதான் கொல்லைக் கதவைத் தொறந்துட்டு வந்தாங்க, கையில தூக்குவாளி. 'குடிச்சிட்டுப் போய் அழு'ன்னாங்க."

அம்மாவைப் பற்றி நான் எழுத வேண்டும் என்றால் இதைத்தான் எழுத வேண்டும் என்று எனக்கு அந்த இடத்திலேயே தோன்றிவிட்டது. கூடவே இன்னொன்றும் தோன்றியது: இனி இதை யார் செய்வது?

அம்மா அவர்கள் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். தாத்தா கூலிக்கு நடவு, அறுப்பு என்று போய்க் குடும்பத்தைக் காப்பாற்றியவர். அம்மா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே தாயைப் பறிகொடுத்தார். அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த தம்பியை, இப்போது பேராவூரணியில் இருக்கும் எங்கள் மாமாவை, இடுப்பில் வைத்துக்கொண்டு பிணத்தின் அருகில் நின்றாராம். குழந்தை வீறிட்டு அழுதிருக்கிறது. "அம்மாவைத் தேடுது பாரு புள்ள" என்று சுற்றி நின்றவர்கள் எல்லாம் சேர்ந்து அழுதார்களாம். அடுத்த வீட்டுப் பெண் ஒருவர் மட்டும் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு ஒரு கிண்ணம் பால் கொடுத்திருக்கிறார். குடித்ததும் குழந்தை தூங்கிவிட்டது. "தேடவும் இல்ல ஒண்ணும் இல்ல, பசி" என்று அம்மா இதை எப்போதோ ஒருமுறை, கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். நான் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

திருமணமாகி எங்கள் ஊருக்கு வந்தபின் அம்மா கண்டது வயலும் மாடும்தான். காவிரியில் தண்ணீர் வராத வருடங்கள், அறுப்பு நேரத்தில் மழை அடித்துச் சாய்த்த கதிர்கள், புயலில் பறந்த கூரை. எதற்கும் பெரிதாகப் புலம்பியவர் இல்லை. அண்ணனைப் பொறியியலும் என்னை முதுகலையும் படிக்க வைத்தார். என்னைப் பற்றி மட்டும் ஒரு குறை உண்டு. "ஆரம்பிக்கிறதுல சூரப்புலிடி நீ. முடிக்கிறதுக்கு வேற ஆள் வரணும்" என்பார். தையல் வகுப்பு, மாடித் தோட்டம், இந்தி, எல்லாவற்றுக்கும் அவரே சாட்சி.

ஊரில் ஒரு சாவு என்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பிணம் இருக்கும்வரை யாரும் சாப்பிட மாட்டார்கள். எடுத்த பிறகு குளித்துவிட்டு, சம்பந்தி வீட்டார் கொண்டுவரும் சோற்றைச் சாப்பிடுவார்கள். பகல் ஒரு பொழுதில் எல்லாம் முடிந்த காலத்துக்கு அது சரி. இப்போது எந்த வீட்டை எடுத்தாலும் ஒரு பிள்ளை துபாயில், ஒரு பிள்ளை சென்னையில். விமானம் வந்து, வண்டி பிடித்து, அவர்கள் முகம் பார்க்கும்வரை பெட்டி காத்திருக்கிறது. வயிறு காத்திருக்குமா? மாத்திரை போடும் பெரியவர்கள், பால் கொடுக்கும் தாய்மார்கள், பசியைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பெட்டியோடு சேர்ந்து காத்திருக்கிறார்கள்.

அம்மா செய்தது இதுதான். செய்தி காதில் விழுந்ததும் நொய்யரிசியைக் களைந்து உலையில் போடுவார். கஞ்சியில் உப்பும் மோரும் கலந்து தூக்குவாளியில் ஊற்றி, மேலே ஒரு நார்த்தங்காய்த் துண்டு. கொல்லை வழியாகப் போவார், கொல்லை வழியாக வந்துவிடுவார். பிறகு குளித்துச் சேலை மாற்றி, வாசல் வழியாக எல்லோரையும் போல துக்கம் விசாரிக்கப் போவார். எங்களுக்குத் தெரிந்தது இந்த இரண்டாவது போக்கு மட்டும்தான். எழவு வீட்டில் சாப்பிட்டார்கள் என்ற பேச்சு யார் மீதும் வந்துவிடக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கவனம்.

அந்தக் கவனம்தான் கடைசியில் அவர் வீட்டுக்கே வினையாகிவிட்டது. கருமாதியன்று வந்த பெண்கள் ஒவ்வொருவராக என்னைத் தனியே கூப்பிட்டு, "எங்க வீட்டுக்குக் கஞ்சி கொண்டாந்தாங்க, யாருகிட்டயும் சொல்லல" என்றார்கள். ஒவ்வொருவரும் அதைத் தன் வீட்டுக்கு மட்டும் கிடைத்த தனிப் பிரியம் என்று நினைத்து வைத்திருந்தார்கள். எல்லா வீட்டுக்கும் நடந்த ஒரு வேலை, அப்படி ஒன்று நடந்ததே ஊருக்குத் தெரியாது. அதனால் அம்மா போன அன்று அதை எடுத்துச் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. பெற்ற பிள்ளைகளான எங்களுக்கே தெரியவில்லையே.

சிறுநீரகம் பழுதாகி, தஞ்சாவூருக்கும் ஊருக்குமாக அலைந்த கடைசி மாதங்களில் அம்மாவுக்குத் தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்க வேண்டியிருந்தது. படுக்கையில் இருந்தபடியே, "மேலத்தெருவுல யாரோ தவறிட்டாங்களாம், போய்ட்டு வாடி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். துக்கம் விசாரிக்கத்தான் சொல்கிறார் என்று வாசல் வழியாகப் போய்விட்டு வந்தேன். திரும்பி வந்ததும் என் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சம்பா நாற்றுப் பறிக்கும் சமயத்தில், ஒரு விடியற்காலையில் அம்மா காலமானார்.

கருமாதி முடிந்த கையோடு வழக்கம்போல நான் ஆரம்பித்துவிட்டேன். வாட்ஸாப்பில் தெருவுக்கு ஒரு குழு. நீளமாக ஒரு செய்தி. பதிலுக்குக் கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. அடுத்து தெருக்கோடி வீட்டில் ஒரு சாவு. பெரிய அடுக்குப் பாத்திரத்தில் எலுமிச்சைச் சோறு கிளறி, ஸ்கூட்டியில் முன்னால் வைத்துக்கொண்டு, நேரே பந்தலுக்கு முன்னால் போய் இறங்கினேன். நாற்காலியில் இருந்த பெரியவர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, கல்யாண வீட்டுக்கு வழி தப்பி வந்துட்டியா?"

அடுக்கோடு திரும்பி வந்தேன். லதா அண்ணி அந்தத் துக்கத்திலும் சிரித்துவிட்டார். "உங்கம்மா கொல்லைப்பக்கமா போனது வாசலுக்கு வழி தெரியாமயா?"

பிறகுதான் வேலை பிடிபட்டது. அண்ணியும் நானுமாக இந்த ஒரு வருடத்தில் சில வீடுகளுக்குப் போயிருக்கிறோம். கஞ்சியைத் தவிர வேறு தேவைகளும் கண்ணில் பட்டன. வெளியூரிலிருந்து வரும் பெண்கள் கழிப்பறைக்கு எங்கே போவது என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டு, "வாங்க, இங்க போய்க்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அழுகிற வீட்டு வயலுக்கு முறைத் தண்ணீர் வரும் நாள் தவறிப் போகிறது. பக்கத்து வயல்காரர் தன் மடையோடு அந்த மடையையும் வெட்டிவிட்டால் ஆயிற்று. எங்கள் வயலில் அன்று மழைத் தண்ணீர் வடிய யார் மடை திறந்தார் என்று இன்றுவரை தெரியவில்லை. நாற்று அழுகவில்லை என்பது மட்டும் தெரியும். அவரும் அம்மாவைப் போல ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் ஒரு இடத்தில் தோற்றுக்கொண்டே இருக்கிறோம். அது வாசல் பந்தல். கொல்லைக்குப் பெண்கள் வருவார்கள், பிள்ளைகள் வருவார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் எழுந்து வர மாட்டேன் என்கிறார்கள். நான் போய்க் குனிந்து மெதுவாகக் கூப்பிட்டால், "போம்மா, அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்" என்று கையை ஆட்டுகிறார்கள். கோடையில் ஒரு வீட்டில், மனைவியை இழந்த ஒருவரை இப்படி மூன்று முறை கூப்பிட்டேன். சாயங்காலம் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். உயிர் பிழைத்தார். ஒரு பக்கம் கை இன்னும் எழவில்லை. அவர் வீட்டைத் தாண்டும்போதெல்லாம், நாலாவது முறையும் கூப்பிட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொள்கிறேன்.

அங்கே கூப்பிட வேண்டியவர் ஓர் ஆண். அதே வரிசையில், அதே வயதில், அதே இழப்போடு உட்கார்ந்திருக்கும் ஒருவர். அப்பாவிடம் கேட்டேன்.

"எந்த எழவு வீட்டுக்கும் நான் வர்றதா இல்ல. போ."

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்ப்பா. 'வாங்க, ஒரு வாய் குடிச்சிட்டு வருவோம்'னு கூப்பிட்டா போதும்."

"எனக்கே எறங்கல. நான் எவனைக் கூப்பிடறது?"

அது உண்மை. அம்மா போனதிலிருந்து அப்பா தட்டில் கோலம் போடுகிறார், சாப்பிடுவதில்லை. சட்டை தோளில் தொங்குகிறது. இரண்டு முறை சர்க்கரை இறங்கி மயங்கியிருக்கிறார். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டால், "ஆச்சு" என்று போனை என்னிடம் தந்துவிடுகிறார். ஊரிலுள்ள துக்க வீடுகளுக்கெல்லாம் கஞ்சி போகிறது. எங்கள் வீடு இன்னும் துக்க வீடாகவே இருக்கிறது.

அம்மாவின் கடைசி மாதங்களில் தங்கள் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கொட்டும் மழையில் ஃப்ரீசர் பெட்டியைச் சேற்றில் இறங்கித் தூக்கி வந்த வண்டிக்காரருக்கும், ஓடி வந்து நின்ற மாமாவுக்கும், தெருவார் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது. லதா அண்ணிக்கு நன்றி சொன்னால் அடிப்பார். பெயர் தெரியாமல் எங்கள் மடையைத் திறந்தவருக்கு, அம்மாவின் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வந்திருந்தால், நாற்று பிழைத்தது ஐயா.

போன வாரம் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கொல்லைக் கதவைத் திறந்தார். தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. "உங்கம்மா இதுக்குத் தேங்காயெண்ணெய் விட்டுக்கிட்டே இருப்பா. எதுக்குன்னு நான் கேட்டதே இல்ல" என்றார். சத்தம் கேட்காமல் போய்வர என்று நான் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்துவிட்டது போலத் தாழ்ப்பாளைச் சத்தம் வராமல் மெதுவாக நகர்த்திப் பார்த்தார்.

அடுத்தது எந்த வீடு என்று தெரியாது. எந்த வீடாகவும் இருக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனாலும் வரும். அன்றைக்கு அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்தாவது கூட்டிப்போய், பந்தலில் முன்வரிசையில் உட்கார வைக்கப் போகிறேன். யாரையும் கூப்பிடச் சொல்ல மாட்டேன். நான் கொல்லைக்குப் போய்க் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு வந்து, அவர் காதில், "அப்பா, வாங்க, உங்களுக்கு மாத்திரை நேரம்" என்று மட்டும் சொல்வேன். எல்லோரும் பார்க்க அவர் எழுந்து வந்து சாப்பிட வேண்டும். அவர் எழுந்தால் பக்கத்து நாற்காலியும் எழும் என்று நம்புகிறேன். எழாவிட்டாலும், அவராவது சாப்பிட்டிருப்பார்.