என் பூட்ஸைப் போட்டு நடந்தவர்

போன மாதம் ஒருநாள் காலையில் செல்லையா அண்ணன் எண்ணிலிருந்து போன் வந்தபோது எரிச்சலோடுதான் எடுத்தேன். பூட்ஸ் விஷயமாகத்தான் இருக்கும், வேறென்ன? பேசியது அவருடைய மருமகள். "மாமா எந்திரிக்கவே இல்ல" என்றாள். கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போடியில் ஏலக்காய் வாங்கி விற்கிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். இருபத்தைந்து வருடம் ஒரே கடையில் நாங்கள் கூட்டாளிகள். மூட்டையின் மேல்காயை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து அள்ளிப் பார்த்த பிறகுதான் பேச்சு. இமாச்சலத்தில் வேலை பார்க்கும் என் மகள், டிசம்பரில் இரண்டு குடும்பமும் பனிச்சறுக்கு விடுதிக்கு வரவேண்டும் என்று டிக்கெட் போட்டுவிட்டாள். பனியில் நடக்க பூட்ஸ் வேண்டும். பிடித்தது சனி.

அண்ணன் தனக்கு இரண்டு நிமிடத்தில் ஒரு ஜோடி எடுத்துவிட்டார். எனக்குத்தான் இரண்டு மாதம். சர்க்கரையால் என் பாதம் மரத்துப்போய் ஆறு வருடம் ஆகிறது. செருப்பு கடித்தது தெரியாமல் நடந்து, ஒரு விரலை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. இன்னொரு புண் வந்தால் பாதமே போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அண்ணனிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு.

மதுரையில் ஒரு கடை விடவில்லை. ஒவ்வொரு பூட்ஸுக்குள்ளும் கையை விட்டுத் தடவி, "உள்ள தையல் நெருடுது, வேற கொண்டா" என்பார். "அண்ணே, இது பூட்ஸு, மூட்டையில்ல" என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு கடைக்காரர், சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று எங்களிடம் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார். அப்புறம் ஆன்லைன். ஐந்து ஜோடி வந்து நான்கு திரும்பிப் போனது. "இன்னைக்குக் குடுக்கவாண்ணே, எடுக்கவா?" என்று கூரியர்காரர் கேட்கும் அளவுக்கு மானம் போயிற்று.

ஐந்தாவதை ஒருவழியாக ஒப்புக்கொண்டார். உடனே, "பத்து நா எங்கிட்ட கெடக்கட்டும்" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் ஏலத்தோட்டத்துக்குப் போக போடிமெட்டு ஜீப்பில் ஏறினால், அண்ணனின் மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே என் புது பூட்ஸ். தோட்டத்துச் சேறு அத்தனையும் அதில்தான். வேலையாட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்கு வந்ததே கோபம்!

"ஒங்களுக்குத்தான் ஒரு ஜோடி இருக்குல்ல? என்னுதைப் போட்டு எதுக்குண்ணே நாசம் பண்றீங்க?"

"ரெண்டு பேருக்கும் ஒம்பதாம் நம்பர்தான தம்பி. கடிச்சா ஒங்காலு சொல்லாது. எங்காலு சொல்லும்."

"மொதல்ல கழட்டுங்க!" என்று ஊரே பார்க்கக் கத்தினேன். "வெரசா குடுத்துர்றேன்" என்றார். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள்தான் அந்தப் போன் வந்தது.

காரியம் முடிந்ததும் மருமகள் பூட்ஸைத் துடைத்துக் கொண்டுவந்து தந்தாள். வலது குதிகால் பக்கம் கடித்த இடத்தில் அண்ணன் பேனாவால் வட்டம் போட்டு, அந்த இடத்தை மெத்தென்று ஆகும்வரை தட்டி வைத்திருந்தார். "மாமா குதிகாலெல்லாம் கொப்புளம், சின்ன மாமா. குளிப்பாட்டுறப்பதான் பாத்தாக" என்றாள்.

அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொன்னார்தான், நான்தான் காதில் வாங்கவில்லை. டிசம்பரில் போகத்தான் போகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த பூட்ஸும் அந்தப் பழக்கமும். நேற்று போட்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். கடித்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? கழற்றி, முழங்கை வரை கையை விட்டு நுனிவரை தடவினேன். எங்கும் நெருடவில்லை. அவருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்: "சரியாத்தாண்ணே இருக்கு."