கடற்கரைக் கோயிலுக்குக் கொண்டுபோன தேங்காய்

எட்டாவது வரை படித்தவன் எழுத வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கராபுரத்தில் எங்கள் நிலத்தில் தண்ணீருக்குப் போர் போட்டபோது, காலண்டரில் இருந்த மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பார்த்து தேங்காய் உடைப்பதாக என் மனைவி வேண்டிக்கொண்டாள். தண்ணீர் வந்துவிட்டது. இப்போது கோயில் வாசலில் தேங்காயோடு நிற்கிறாள். உடைக்கும்வரை சாப்பிட மாட்டாள். உள்ளே பூசையே கிடையாதாம். யாரிடமாவது வழி கேட்க எனக்குக் கூச்சம்.

அவளே போய் விஷயத்தைச் சொல்ல, சங்கு விற்கும் அம்மாள் சிரிக்கிறாள். "காலண்டர பாத்தா வேண்டிக்கினே? கடலுக்குக் குடுத்துட்டுப் போய்த் துன்னும்மா."

"எங்க தண்ணி உப்பாயிடாதாக்கா?"

"ஒரு தேங்காய்க்குக் கடலு அவ்ளோ தூரம் உப்பு அனுப்பாது, போ!"

என் மனைவி பாறையில் உடைத்து அலையில் விட்டுவிட்டு, இரண்டு தட்டு பஜ்ஜி சாப்பிடுகிறாள்.

மறுநாள் வீட்டுக்கு வந்து மோட்டார் போட்டதும், முதல் வாய்த் தண்ணீரை அவள்தான் குடித்துப் பார்க்கிறாள். உப்பு இல்லை.