வெறுங்கை மாதா

ஆம்பூரில் ஒரு ஜெர்மன் பாதிரியார் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அவர்கள் விடுப்பில் ஜெர்மனிக்குப் போனபோது என்னையும் கப்பலில் கூட்டிப்போனார்கள். என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. ஒன்றரை வயது மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டுப் போனேன்.

பாதிரியாரின் மனைவி துரைசானியம்மாவின் ஊர் சின்னது. ஒருநாள் பனி விடாமல் கொட்டியது. வீட்டிலேயே அடைந்து கிடந்த குழந்தை சிணுங்கவே, பக்கத்துத் தெரு மியூசியத்துக்குப் போனோம். ஒரு காலத்தில் அது சாமியார்கள் இருந்த மடமாம். உள்ளே ஒரு காவல்காரக் கிழவர் மட்டும் இருந்தார். பனி வெளிச்சத்தில் தரையும் சுவரும் என் விரல்களும் பால் கலந்த தண்ணீர்போலத் தெரிந்தன. பொன்பூச்சுப் பலகைகளில் நீள விரல்களோடு தேவதூதர்கள் நின்றார்கள். நடக்க நடக்க என் கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. குழந்தை என் தோளில் தூங்கிவிட்டது.

கடைசி அறையில் ஆளுயர மர மாதா. நீலச் சாயம் சேலை மடிப்புகளில் மட்டும் ஒட்டியிருந்தது. இடது கை எதையோ தாங்குவதுபோல மடங்கியிருந்தது. கையில் ஒன்றுமில்லை.

"கொழந்த இன்னா ஆச்சும்மா?" என்று கேட்டேன்.

துரைசானியம்மா கிழவரை விசாரித்தார். குழந்தை இயேசுவைத் தனியாகச் செதுக்கிப் பொருத்தியிருந்தார்களாம். எப்போதோ யாரோ கழற்றி விற்றுவிட்டார்களாம்.

"குழந்தை வேறு ஊரில் இருக்கிறது," என்றார் தம் புத்தகத் தமிழில். "பத்திரமாக வைத்திருக்கிறார்களாம்."

அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மாதா என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். சுருட்டை முடி வந்தது, குரல் வந்தது. முகம் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டே இருந்தது.

திரும்பும் வழியில், "நான் ஊருக்குப் போய்ட்றம்மா," என்றேன்.

அவர் பனியில் நின்றுவிட்டார். குழந்தை ஏங்கிப்போகுமே என்றார்.

"அதுக்கு நீங்க இருக்கீங்கம்மா."

அவர் கோபப்படவில்லை. மறு மாதம் சென்னைக்குக் கப்பல் ஏறிய இன்னொரு குடும்பத்தோடு என்னை அனுப்பிவைத்தார்.

ஆம்பூர் ஸ்டேஷனில் மகள் நாத்தனாரின் காலைக் கட்டிக்கொண்டாள். என்னிடம் வரவில்லை. நான்கு நாள் தூர நின்றே என்னைப் பார்த்தாள். ஐந்தாம் நாள் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து என் முதுகில் தன் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். நான் முறத்தை மெல்லக் கீழே வைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.