தொட்டியின் சாவி என்னிடம்தான் இருந்தது

சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பாட்டென்றால் முதல் ஆளாக எழுந்து நிற்கிறவள் நான். இன்றைக்கு எழுந்தது பாட்டுக்கு இல்லை, சாட்சி சொல்ல. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன ஐப்பசியில் நம் ஊரில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். ஏழாவது படிக்கிற என் மகள் ஜெனிக்கும் வந்தது. நான்காம் நாள் உடம்பு சில்லென்று ஆனதும், அப்பாடா, விட்டது என்று கஞ்சி கொடுத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாந்தி நிற்கவில்லை. ஈறில் ரத்தம். தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"டெங்கும்மா. காய்ச்சல் எறங்குனதுக்கு அப்பறந்தான் ஜாக்கிரதையா இருக்கணும். ரத்தத்துல தட்டணு ரொம்பக் கொறஞ்சிருக்கு, ரெண்டு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்" என்றார் டாக்டரம்மா.

எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அந்த இரண்டு நாளை எப்படிச் சொல்வேன்!

மறுநாள் காலை என் வீட்டுக்காரரை மகளிடம் உட்காரவைத்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்தேன். வீட்டுக்குப் போகவில்லை. நேராக இங்கே வந்து, பின்னால் ஞானஸ்நானத் தொட்டி இருக்கிற அறையைத் திறந்து முழங்காலில் விழுந்தேன். அது ஜெபமே இல்லை, சண்டை. "ஆண்டவரே, உம்ம வூட்டக் கூட்டிப் பெருக்கறவ நான். எம் பொண்ணுக்கா இது? என்ன கொற வெச்சேன், சொல்லும்!" என்று கத்தினேன்.

கையில் சுருக்கென்றது. கொசு. அதன் காலில் வெள்ளை வெள்ளையாக வரி, டெங்குக் கொசுவேதான். எழுந்து தொட்டிக்குள் பார்த்தேன். தண்ணீர் முழுக்கப் புழு நெளிந்தது.

வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் கண்முன்னால் இருந்தது, அவ்வளவுதான்.

அதற்கு முந்தின மாதம் மழையால் ஞானஸ்நானம் தள்ளிப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். நிறைத்த தண்ணீரைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. கொசுப்புழு பார்க்க வீடு வீடாக வருகிற செல்வி இங்கேயும் வந்து, "அக்கா, தொட்டியத் தெறங்க, மருந்து ஊத்திட்டுப் போயிடறேன்" என்றாள். என் வாய் சும்மா இருக்குமா? "ஏம்மா, ஆண்டவருக்குன்னு நெறச்ச தண்ணியில மருந்தா? போயி வேற வூட்டப் பாரு" என்று விரட்டிவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஜெனி பாட்டுப் பழகுவது அந்தத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துதான்.

செல்விக்கே போன் போட்டேன். ஓடி வந்தாள். இரண்டு பேரும் வாளி வாளியாக இறைத்துக் கொட்டினோம். நான் அழுதுகொண்டே இறைத்தேன். "அழுவாதீங்கக்கா. சுவத்தயும் நல்லாத் தேய்ங்க, முட்ட ஒட்டிட்டு இருக்கும்" என்றாள். ஒரு சுடுசொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகுதான் ஒழுங்காக ஜெபித்தேன். "தப்பு என்னுது. புள்ளைய விட்ருங்கப்பா" என்று மட்டும். மூன்றாம் நாள் தட்டணு ஏறியது. ஜெனி இட்லி கேட்டாள். கர்த்தர் என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் போதாது.

ஆனால் சந்தோஷமாக மட்டும் சொல்ல முடியவில்லை. இந்த ஆலயத்துக்குப் பின்வீட்டு முனியம்மாளின் மருமகளும் அப்போது அதே காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். போய், "எங்க தொட்டியிலதாங்க புழு இருந்துச்சு, எம் மேலதான் தப்பு" என்று சொன்னேன். "உம் பொண்ணு வூட்டுக்கு வந்துட்டா. எம் மருமவ?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண்ணும் பிழைத்து வந்துவிட்டாள். ஆனால் முனியம்மாள் இன்றுவரை என்னோடு பேசவில்லை. அதற்கும் ஜெபிக்கிறேன்.

நம்புங்கள், ஆண்டவர் கேட்கிறார். செல்வி கதவைத் தட்டினால் திறந்துவிடுங்கள், அவளையும் அவர்தான் அனுப்புகிறார்.

இன்று ஞானஸ்நானம் முடிந்ததும் யாரும் கிளம்பிவிடாதீர்கள். வாளிகளைக் கழுவி வாசலில் வைத்திருக்கிறேன்.